டிசம்பரில் ஃபுகுவோகா நண்பன் வீட்டுக்குப் போகிறோம்: மனைவி சைவம், எனக்கு ஆன்சென் கூச்சம்

வைகைக்கரை எழுதியது:

ஹாஸ்டலில் என்னோடு ஒரே அறையில் இருந்தவன் இப்போது ஜப்பானில், ஃபுகுவோகாவில் வேலை பார்க்கிறான். போன் பேசும்போதெல்லாம் எப்போடா வர்றே, எப்போடா வர்றே என்று நச்சரித்துக்கொண்டிருந்தவனுக்கு இந்த வருடம்தான் பதில் சொல்ல முடிந்தது. டிசம்பர் நடுவில் நானும் மனைவியும் கிளம்புகிறோம். விசா, டிக்கெட் எல்லாம் முடிந்தது, அதைப் பற்றிக் கேட்கவில்லை.

அவன் ஆசையாக ஒரு பெரிய பட்டியல் அனுப்பியிருக்கிறான். டோக்கியோ, கியோட்டோ, ஒசாகா, ஹிரோஷிமா என்று ரயிலிலேயே குடியிருக்க வேண்டிய பட்டியல். அவனுக்கோ சனி ஞாயிறுதான் லீவு. எனக்கு அத்தனை ஊர் பார்க்கும் ஆசை இல்லை. நன்றாகச் சாப்பிட வேண்டும், ஆன்சென் என்கிறார்களே அந்த வெந்நீர் ஊற்றில் ஆசை தீர ஊற வேண்டும், ராத்திரி அவனோடு உட்கார்ந்து பழைய கதை பேச வேண்டும். அவ்வளவுதான்.

இதில்தான் சிக்கல். மனைவி சைவம், முட்டை மட்டும் சாப்பிடுவாள். ஜப்பானில் தண்ணீரைத் தவிர எல்லாவற்றிலும் மீன் இருக்கும் என்று யாரோ பயமுறுத்திவிட்டார்கள். அடுத்து, ஆன்செனில் துணியே இல்லாமல்தான் இறங்க வேண்டுமாம், அதுவும் நாலு பேர் முன்னால். நண்பன் "என்னடா புதுசா வெட்கம்" என்கிறான், ஆனாலும் கூச்சமாகத்தான் இருக்கிறது. என் கையில் சின்னதாக ஒரு வேல் பச்சை குத்தியிருக்கிறேன், அதற்காக உள்ளேயே விட மாட்டார்கள் என்று படித்தேன். பிபி மாத்திரை வேறு சாப்பிடுகிறேன். கடைசியாக, ரியோகான் என்னும் பாரம்பரிய விடுதியில் ஒரு ராத்திரியாவது தங்கச் சொல்லி நண்பன் கட்டாயப்படுத்துகிறான். விலையைப் பார்த்தால் தலை சுற்றுகிறது. அந்தக் காசுக்குத் தகுமா?

கியூஷூவாசி எழுதியது:

முதலில் அந்தப் பட்டியலைக் கிழித்துப் போடுங்கள். ஃபுகுவோகாவிலிருந்து டோக்கியோவுக்குப் புல்லட் ரயிலில் போனாலே ஏறக்குறைய 5 மணி நேரம், டிக்கெட் விலையும் அதற்கேற்ற மாதிரி. நீங்கள் கேட்பது சாப்பாடும் வெந்நீரும் என்றால், உங்கள் நண்பன் இருப்பதே அதற்குச் சரியான தீவில்தான். கியூஷூவை விட்டு வெளியே போகவே வேண்டாம்.

போக வேண்டிய ஊர் பெப்பு. ஃபுகுவோகாவின் பெரிய ஸ்டேஷனான ஹகாட்டாவில் சோனிக் என்ற எக்ஸ்பிரஸ் ஏறினால் சுமார் 2 மணி நேரம். வழியில் கொகுரா ஸ்டேஷனில் ரயில் திசை மாறி வந்த பக்கமே போவது போல இருக்கும், பதறிப்போய் இறங்கிவிடாதீர்கள். ஊர் முழுக்க 2000-க்கும் மேற்பட்ட ஊற்றுக்கண்கள், ஜப்பானிலேயே அதிகமாக வெந்நீர் பொங்கும் இடம் அதுதான். கன்னவா என்று மலையடிவாரத்தில் ஒரு பகுதி இருக்கிறது, பெப்பு ஸ்டேஷனிலிருந்து பஸ்ஸில் அரை மணிக்குள் போய்விடலாம். அங்கே தெரு ஓரத்துச் சாக்கடை மூடியிலிருந்து கூட ஆவி வந்துகொண்டிருக்கும், குளிர்காலத்தில் காலையில் பார்த்தால் ஊரே புகையும்.

உங்கள் மனைவிக்கு நான் கன்னவாவைச் சொல்வதற்கு வேறு காரணம் இருக்கிறது. அங்கே நிலத்திலிருந்து வரும் ஆவியிலேயே சமைக்கிறார்கள், ஜிகோகு முஷி என்பார்கள். பொதுச் சமையல் கூடம் ஒன்று உண்டு. நேரக் கணக்கில் அடுப்புக்கு வாடகை கட்டி, சர்க்கரைவள்ளி, பூசணி, சோளம், முட்டைகோஸ், காளான், முட்டை என்று பிடித்ததைத் தட்டில் அடுக்கி உள்ளே இறக்கினால் கொஞ்ச நேரத்தில் வெந்துவிடும். எண்ணெய் இல்லை, மீன் சாறு இல்லை, ஆவியில் லேசாக உப்பு இருப்பதால் தனியாக உப்பு கூடத் தேவைப்படாது. உள்ளே என்ன இருக்குமோ என்று சந்தேகப்படாமல் ஒரு சைவக்காரர் ஜப்பானில் வயிறு நிறையச் சாப்பிட இதைவிட நல்ல இடம் எனக்குத் தெரியாது. சைவமே வேண்டாம் என்கிறவனையும் அந்தச் சர்க்கரைவள்ளி மாற்றிவிடும். நீங்கள் பக்கத்துத் தட்டில் நண்டும் இறாலும் வைத்துக்கொள்ளலாம், ஆனால் அடுப்பைத் தனியாகக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

ரியோகான் விஷயத்தில் உங்கள் நண்பனோடு எனக்கு ஒத்துப்போகவில்லை. அந்த விலையில் நல்லதொரு பங்கு இரவுச் சாப்பாட்டுக்கு. பத்துப் பன்னிரண்டு சின்னச் சின்னக் கிண்ணங்களில் வரும், அதில் பெரும்பாலானவை மீனும் மாட்டிறைச்சியும். மனைவி தொட முடியாத சாப்பாட்டுக்கு முழுக்காசு எதற்கு? கன்னவாவில் முன்காலத்தில் நோயாளிகளும் விவசாயிகளும் வாரக்கணக்கில் தங்கிக் குளித்து, தாங்களே ஆவியில் சமைத்துச் சாப்பிட்ட பழைய விடுதிகள் இன்னும் ஓடுகின்றன. சாப்பாடு சேராது, வாடகை மட்டும், முற்றத்தில் ஆவி அடுப்பு இருக்கும், குளியலும் உள்ளேயே. சூப்பர்மார்க்கெட்டில் காய்கறி வாங்கிக்கொண்டு போய்விடுங்கள்.

கூச்சத்துக்கும் வழி இருக்கிறது. மணல் குளியலில் ஆரம்பியுங்கள். பெப்பு ஸ்டேஷனிலிருந்து நடக்கும் தூரத்தில் டகேகவாரா ஆன்சென், 1879-இல் தொடங்கியது, இப்போதுள்ள மரக் கட்டடம் 1938-இல் கட்டியது, அந்த வளைந்த கூரையைப் பார்ப்பதற்கே போகலாம். அங்கே யுகாத்தா என்னும் பருத்தி அங்கி ஒன்றைக் கொடுப்பார்கள், அதைப் போட்டுக்கொண்டு படுத்தால் ஒரு அம்மா மண்வெட்டியோடு வந்து சூடான கறுப்பு மணலைக் கழுத்து வரை அள்ளிப் போட்டு மூடிவிடுவார். கால் மணி நேரம் கூட இருக்காது, அதற்குள் உள்ளங்காலில் நாடித் துடிப்பு கேட்கும். துணியோடுதான் என்பதால் நீங்கள், மனைவி, நண்பன் மூவரும் பக்கத்தில் பக்கத்தில் படுத்துக்கொண்டே பேசலாம். அதன்பிறகு மணலைக் கழுவ உள்ளே போகும்போது கூச்சம் பாதி போயிருக்கும்.

கையிலுள்ள வேல் பச்சையைப் பற்றி: சின்னதென்றால் தோல் நிறத்தில் ஒட்டும் பட்டை கடையிலேயே கிடைக்கும், அதை ஒட்டிக்கொண்டால் பல இடங்களில் விட்டுவிடுவார்கள். பெப்புவில் பச்சை குத்தியிருந்தாலும் பரவாயில்லை என்னும் குளியலறைகள் நிறைய. இல்லையென்றால் மணிக்கணக்கில் வாடகைக்கு எடுக்கும் குடும்பக் குளியலறை எடுத்துவிடுங்கள், கதவைச் சாத்திக்கொண்டு நீங்கள் இருவர் மட்டும், யாரும் எதையும் பார்க்கப் போவதில்லை.

மாசித்துண்டு எழுதியது:

யாழ்ப்பாணத்து ஆள், ஒசாகாவில் கன காலம் இருந்தவன். சாப்பாட்டைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

உங்களைப் பயமுறுத்தியவர் பெரிதாகப் பொய் சொல்லவில்லை. ஜப்பானியச் சமையலின் அடி தாஷி என்ற சாறு. அதற்குக் கொம்பு என்ற கடற்பாசியும் கட்சுஓபுஷி என்ற காய்ந்த மீனும் போடுவார்கள். அந்த மீன் வேறொன்றுமில்லை, சூரை. அவித்து, புகையூட்டி, காயவைத்துக் கட்டையாக்குவது. நம்முடைய சம்பலுக்கு இடித்துப் போடுகிற மாசிக் கருவாட்டின் சொந்தக்காரன்தான், இவர்கள் அதை இழைப்புளியால் சீவிப் போடுகிறார்கள். ஆகவே மீன் கண்ணில் படாது, ஆனால் மிசோ என்ற சோயா விழுது சூப்பில் இருக்கும், உடோன் நூடுல்ஸ் குழம்பில் இருக்கும், சோபா நூடுல்ஸுக்குத் தொட்டுக்கொள்ளும் சாற்றில் இருக்கும், பச்சைத் தோஃபு கேட்டால் மேலே தூவிக்கொண்டு வருவார்கள், இனிப்பான முட்டைச் சுருளில் கூட இருக்கும். "இறைச்சி வேண்டாம்" என்று மட்டும் சொன்னால் மீன் சாறு போட்டுத்தான் வரும், அவர்கள் கணக்கில் அது இறைச்சியில் சேராது. இறைச்சி, மீன், தாஷி, கட்சுஓபுஷி நாலும் வேண்டாம் என்று நண்பனைக் கொண்டு ஜப்பானிய எழுத்தில் ஒரு அட்டை எழுதி வாங்கி மனைவியின் கைப்பையில் வைத்துவிடுங்கள்.

அவசரத்துக்கு: வெள்ளரிக்காய் சுஷிச் சுருள், உப்பு மட்டும் போட்ட சோற்று உருண்டை. டெம்புரா என்ற காய்கறி பஜ்ஜியைச் சாறு இல்லாமல் உப்போடு கேட்கலாம், ஆனால் இறால் பொரித்த எண்ணெய் என்பதைச் சகித்துக்கொள்ள வேண்டும். நாட்டோ என்ற புளித்த சோயா பிடித்தால் கூடவே வரும் குட்டிப் பொட்டலத்துச் சாற்றை விட்டுவிட்டு வெறும் சோயா சாஸ் ஊற்றுங்கள். கோகோ இச்சிபான்யா கறிக் கடையில் விலங்குப் பொருள் சேராத குழம்பு பல கிளைகளில் உண்டு, தனியாகக் கேட்க வேண்டும். நாலு நாள் சோயா வாசத்துக்குப் பிறகு அந்தக் கறியைக் கண்டால் அழுகை வரும்.

ரியோகான் விஷயத்தில் மேலே எழுதியவர் அவசரப்பட்டுவிட்டார். பதிவு செய்யும்போதே சொன்னால் பௌத்த மடத்துச் சைவச் சமையல் முறையில், கொம்பும் காய்ந்த ஷீட்டாகே காளானும் போட்ட சாற்றில் சமைத்துத் தருகிற விடுதிகள் இருக்கின்றன. சில விடுதிகள் முடியாது என்று நேரே சொல்லிவிடும், அதுவும் நல்லதுதான், வேறிடம் தேடலாம். போய் இறங்கிய பிறகு சொன்னால்தான் வில்லங்கம், ஏனென்றால் அன்றைய சாப்பாட்டுக்குக் காலையிலேயே வேலையைத் தொடங்கியிருப்பார்கள். என்னைக் கேட்டால் பெப்புவைவிடக் குமாமோட்டோ மலைக்குள் இருக்கிற குரோகவா என்ற ஆன்சென் ஊர்தான். அனுமதிச் சீட்டாக மரத்தட்டு ஒன்று விற்பார்கள், அதைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு வெவ்வேறு விடுதிகளின் மூன்று குளியல்களில் இறங்கலாம். ஆற்றங்கரையில் திறந்தவெளித் தொட்டி, மேலே குளிர், கீழே சூடு, சத்தம் என்றால் தண்ணீர் ஓடுகிற சத்தம்தான். பெப்பு பெரிய ஊர், நல்ல ஊர், ஆனால் ஊர்தானே.

கோலமாவு எழுதியது:

பெண்கள் பக்கத்தை யாரும் எழுதவில்லை, நான் எழுதுகிறேன். உங்கள் மனைவிக்குக் காட்டுங்கள்.

அவர் போவது பெண்கள் பகுதிக்கு, நீங்கள் போவது ஆண்கள் பகுதிக்கு. வாசலில் திரைச்சீலை தொங்கும், பெரும்பாலும் சிவப்பு பெண்களுக்கு, நீலம் ஆண்களுக்கு. ஆனால் நிறத்தை மட்டும் நம்பாதீர்கள், அதிலுள்ள எழுத்து இரண்டையும் போனில் படமாக வைத்துக்கொண்டு பழகுங்கள். சில விடுதிகளில் ராத்திரியோடு இரண்டு பகுதியையும் மாற்றிவிடுவார்கள், நேற்று மனைவி போன கதவுக்குள் இன்று காலையில் நீங்கள் போக வேண்டியிருக்கும், அரைத் தூக்கத்தில் போகிறவர்கள் திரையைப் பார்த்துவிட்டு நுழையவும்.

உள்ளே வரிசையாகக் குட்டி முக்காலி, முன்னால் கைக்குழாய், சோப்பு, ஷாம்பூ எல்லாம் இருக்கும். உட்கார்ந்துதான் குளிக்க வேண்டும், நின்றுகொண்டு குளித்தால் பக்கத்தில் இருப்பவர் மேல் தெறிக்கும். சோப்பு போட்டு முழுக்கக் குளித்து முடித்த பிறகுதான் தொட்டி. தலையில் தேங்காய் எண்ணெய் வைக்கிறவர் என்றால் அன்றைக்கு வைக்க வேண்டாம், வைத்திருந்தால் நன்றாக அலசிவிட்டு, முடியை உச்சியில் கொண்டை போட்டுக்கொண்டு இறங்கட்டும். ஒரு நுனி கூடத் தண்ணீரில் படக்கூடாது, சின்னத் துண்டும் படக்கூடாது, அதை மடித்துத் தலைமேல் வைத்துக்கொள்வார்கள். மாதவிலக்கு நாட்களில் பொதுத் தொட்டி கிடையாது.

இன்னொன்று, நம் பெண்களுக்கென்றே சொல்ல வேண்டியது. மெட்டியையும் கொலுசையும் வீட்டிலேயே கழற்றி வைத்துவிட்டுப் போகட்டும். பெப்புவில் மியோபான் போன்ற கந்தகத் தண்ணீர் உள்ள இடங்களில் வெள்ளி கொஞ்ச நேரத்தில் கறுத்துப்போகும். தாலிக்கொடியையும் நான் பாதுகாப்புப் பெட்டியில் வைத்துப் பூட்டிவிட்டுத்தான் இறங்குவேன், மாமியாரிடம் சொல்லத் தேவையில்லை.

கூச்சம் பற்றி எல்லோரும் பெரிதாகப் பேசுகிறார்கள். அங்கே எழுபது வயதுப் பாட்டிகள் ஊர்வம்பு பேசிக்கொண்டு, முதுகு தேய்த்துக்கொண்டு அவரவர் வேலையைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். நம்மை ஒருவரும் ஏறெடுத்துப் பார்ப்பதில்லை. முதல் ஐந்து நிமிடம்தான், பிறகு வெளியே வர மனசு வராது. ஒத்திகை வேண்டுமென்றால் நண்பர் வீட்டுப் பக்கத்தில் சென்டோ எனப்படும் தெருக் குளியலறை இருக்கிறதா என்று கேளுங்கள், பெரும்பாலும் சாதாரணத் தண்ணீரைச் சுடவைத்ததுதான், முறையெல்லாம் ஒன்றேதான், விலையும் குறைவு.

யுகாத்தா கட்டும்போது இடது மடிப்பு மேலே வர வேண்டும். வலது மேலே வருவது இறந்தவர்களுக்குக் கட்டும் முறை.

வைகைக்கரை எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. மனைவி எல்லாவற்றையும் படித்துவிட்டு, ஆவிச் சமையல் விடுதிதான், அதற்கு மேல் பேச்சில்லை என்று முடித்துவிட்டாள். குரோகவா அடுத்த தடவைக்கு. பிபி பற்றி யாராவது சொல்லுங்கள். அப்புறம் வார நாட்களில் நண்பன் ஆபீஸ் போன பிறகு ஃபுகுவோகாவில் நாங்கள் இருவரும் என்ன செய்யலாம்? நான் அசைவம், எதுவும் சாப்பிடுவேன்.

பழையவாத்தியார் எழுதியது:

தம்பி, பிபி இருக்கிறதென்றால் கிளம்பும் முன் உங்கள் டாக்டரிடம் கேட்டுவிடுங்கள். நானும் அதே மாத்திரைக்காரன்தான், கடைப்பிடிப்பதைச் சொல்கிறேன். பெப்புவில் ஊர்க்காரர்கள் குளிக்கும் தெருக் குளியலறைகளில் 42 டிகிரிக்கு மேல் சாதாரணம், கொதிக்கிறது என்று பச்சைத் தண்ணீர்க் குழாயைத் திறந்தால் பெரியவர்கள் முறைப்பார்கள், அனுமதி கேட்டுவிட்டுத் திறங்கள். முதலில் காலில், பிறகு தோளில் சொம்பு சொம்பாக ஊற்றி உடம்பைப் பழக்க வேண்டும். நெஞ்சு வரை மட்டும் இறங்கி, சில நிமிடத்தில் வெளியே வந்து உட்கார்ந்து, மறுபடி இறங்க வேண்டும். எழும்போது மெதுவாக எழ வேண்டும், திடீரென்று எழுந்தால் கண் இருட்டும். டிசம்பரில் உடை மாற்றும் அறை சில்லென்று இருக்கும், அந்தக் குளிரிலிருந்து நேரே சூட்டுக்குள் போவதுதான் வயதானவர்களை விழவைக்கிறது. நண்பனோடு பீர் என்றால் குளியல் முடிந்த பிறகு, முன்னால் கூடவே கூடாது. குளித்துவிட்டு வந்து கண்ணாடிப் பாட்டிலில் விற்கிற காப்பிப் பால் குடிப்பதுதான் அங்கே வழக்கம், அதற்காகவே இன்னொரு முறை குளிக்கலாம்.

பெப்புவில் நரகங்கள் என்று ஏழு கொதிக்கும் ஊற்றுகளுக்குச் சேர்த்து டிக்கெட் தருவார்கள். ஏழும் வேண்டாம். நீல நிறத்தில் இருக்கும் கடல் நரகமும், இரும்புத் துருவால் சிவந்த இரத்தக் குளமும் போதும், மீதியில் முதலையெல்லாம் கூட வளர்க்கிறார்கள். இந்த இரண்டில் சிவப்புக் குளம் மட்டும் கன்னவாவிலிருந்து தள்ளி இருக்கிறது, பஸ் பிடிக்க வேண்டும்.

நண்பன் வீட்டுக்கு ஊரிலிருந்து கறிவேப்பிலை, முருங்கைக்காய், மாம்பழம், உப்புக்கண்டம் எதுவும் கட்டிக்கொண்டு போகாதீர்கள், விமான நிலையத்திலேயே பிடுங்கிவிடுவார்கள். முறுக்கும் அதிரசமும் போதும்.

கியூஷூவாசி எழுதியது:

வார நாள் ஒன்றில் மனைவியோடு தசாய்ஃபு என்னும் கோயில் ஊருக்குப் போய்விட்டு வாருங்கள், ஃபுகுவோகா நகர மையமான தென்ஜின்னிலிருந்து ரயிலில் முக்கால் மணிக்குள். கோயிலுக்குப் போகும் தெரு முழுக்க உமெகாயே மோச்சி சுட்டுக்கொண்டிருப்பார்கள், அரிசி மாவுக்குள் சிவப்புப் பயறு இனிப்பு, மேலே பிளம் பூ முத்திரை, சைவம்தான், சூடாக வாங்க வேண்டும்.

உங்களுக்கு, ஹகாட்டா ராமென். பன்றி எலும்பை வெள்ளையாகும்வரை கொதிக்கவைத்த சாறு, வாசம் தெருமுனையிலேயே வரும், எனக்கு அது பிடிக்க ஒரு வருடம் ஆனது. நூடுல்ஸ் மெலிசு, சீக்கிரம் ஊறிவிடும் என்பதால் கொஞ்சமாகத்தான் போடுவார்கள், சாறு மிச்சம் இருக்கும்போதே காயேதாமா என்று சொன்னால் இன்னொரு பிடி நூடுல்ஸ் வரும். மொட்சுநாபே என்ற குடல் கறிச் சட்டியும் உண்டு, பூண்டும் மிளகாயும் போட்டது, பெரும்பாலும் மாட்டுக் குடல், சாப்பிடுவீர்களா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

யாதாய் எனப்படும் தெருவோரக் கடைகளுக்குச் சாயங்காலம் இருட்டிய பிறகு நகாசு பக்கம் போக வேண்டும். பத்துப் பேர் இடித்துக்கொண்டு உட்காரும் இடம், ஆளுக்கு ஒன்றாவது ஆர்டர் செய்ய வேண்டும், சாப்பிட்டதும் எழுந்துவிட வேண்டும். 2013-இல் நகராட்சி இதற்கென்றே தனி விதி போட்டு ஒழுங்குபடுத்தியது, அதனால் விலைப் பலகையைப் பார்த்துவிட்டு உட்காரலாம். மழை பெய்தால் பல கடைகள் வராது. மனைவிக்கு அங்கே ஒன்றும் தேறாது, அவருக்கு முன்னாலேயே சாப்பாடு போட்டுக் கூட்டிப் போங்கள்.

நண்பனுக்கு லீவான சனிக்கிழமை ஒன்றைப் பக்கத்திலுள்ள இட்டோஷிமாவுக்கு வைத்துக்கொள்ளுங்கள். குளிர்காலத்தில் மட்டும் கடற்கரையில் சிப்பிக் குடில்கள் போடுவார்கள், கூடை கூடையாகச் சிப்பி வாங்கிக் கரியடுப்பில் நீங்களே சுட வேண்டும், ஓடு வெடித்துத் தெறிக்கும் என்பதால் மேலே போட ஒரு சட்டை கொடுப்பார்கள். கார் வேண்டும், ஓட்டுகிறவன் குடிக்க முடியாது, அதை நண்பனிடம் முதலிலேயே பேசிவிடுங்கள்.

பெப்புவை ஞாயிறு ராத்திரியிலிருந்து வைத்துக்கொண்டால் வாடகை குறையும், ஆனால் நண்பன் திங்கட்கிழமை லீவு போட்டால்தான் கூட வர முடியும், அவனையே கேளுங்கள். டிசம்பர் 28-க்குள் முடித்துவிடுங்கள், அதற்குப் பிறகு ஜனவரி 3 வரை பாதிக் கடைகள் பூட்டியிருக்கும், விடுதிகளும் விலையை ஏற்றிவிடும். கன்னவா பழைய விடுதிகள் சிலவற்றில் இன்னும் போனில் கூப்பிட்டுத்தான் பதிவு செய்ய வேண்டும், ஜப்பானிய மொழியில்தான் பேசுவார்கள், அந்த வேலையை இன்றைக்கே நண்பன் தலையில் கட்டிவிடுங்கள்.